புதுப்பிப்பு: ஒத்தைக்கு குளச்சல் போயிட்டு வந்துட்டேன்

நாகர்கோவில்லருந்து தனியா பஸ்லேயே குளச்சல் துறைமுகம் போயி ஒரே நாள்ல திரும்ப முடியுமான்னு போன வாரம் கேட்டிருந்தேன். முடியும். தைரியம் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

காலையில மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியா போற வண்டி. ஜன்னல் சீட்டு. கரையில வலை சரிபண்ணிட்டிருந்த ஒரு பாட்டி, "ஒத்தைக்கா வந்தே மக்களே? சாப்பிட்டியா?"ன்னு கேட்டாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

1741-ல திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோட படை டச்சுக்காரங்களைத் தோற்கடிச்ச இடம். வெற்றித் தூண் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னேன். அப்போ பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டி லனாய்தான் பின்னாடி திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தவர். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில இருக்கு. திரும்பும்போது தக்கலை வண்டி பிடிச்சு அதையும் பார்த்தேன். இருட்டுறதுக்குள்ள வீடு வந்தாச்சு. அடுத்து முட்டம்.