மூத்தவர் சொல்வதா, செயலி சொல்வதா: மருந்து முடிவில் எதை நம்புவது?

கேள்வி: அரசு மருத்துவர், உசிலம்பட்டி வட்டாரம்

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன். சர்க்கரை நோய்க்காக நாளொன்றுக்கு 2000 மி.கி. மெட்ஃபார்மின் சாப்பிட்டுவரும் 68 வயது அம்மா ஒருவருக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6 என்று வந்திருக்கிறது. மதுரையிலுள்ள மூத்த மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். உடனே நிறுத்தச் சொன்னார். செல்பேசிச் செயலியோ அளவைக் குறைத்துத் தொடரலாம் என்கிறது. வெளியே வரிசை நீண்டு நிற்கும்போது எதை நம்பி முடிவெடுப்பது? நோயாளியின் முன்னால் செல்பேசியைப் பார்த்தால் அவருடைய நம்பிக்கை குறையுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில் 1: ஓய்வுபெற்ற பொது மருத்துவர், மதுரை

அன்புத் தம்பிக்கு, உங்கள் மூத்தவர் தாம் பயின்ற காலத்து விதியைச் சொல்லியிருக்கிறார். கிரியாட்டினின் ஆண்களுக்கு 1.5, பெண்களுக்கு 1.4 ஆகிவிட்டால் மெட்ஃபார்மின் கூடாது என்றுதான் நெடுங்காலம் மருந்துக் குறிப்புகளில் இருந்தது. 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை மாற்றி, கிரியாட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டல் வீதத்தை அளவுகோலாக வைத்தது: 30க்குக் கீழே கொடுக்கக் கூடாது, 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்குவது நல்லதல்ல, ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு நன்மை, தீமையை எடைபோட வேண்டும். அந்நிலையில் அளவைப் பாதியாக்குவது இன்றைய சிறுநீரக வழிகாட்டுதல்களின் வழக்கம். மாற்றத்திற்குக் காரணம் இருக்கிறது. அதே 1.6 உள்ள 68 வயது ஆணுக்கு வடிகட்டல் வீதம் ஏறக்குறைய 47 என்றால், பெண்ணுக்கு 35தான் வரும்.

ஆகவே, சொல்வது யாராக இருந்தாலும், அது எந்த ஆண்டின் செய்தி, எந்த அளவுகோலின்படி என்று கேளுங்கள். 1985இல் அமெரிக்காவில் கோவெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூன்று நோயாளிகளுக்கு இரண்டு என்ற விகிதத்தில் மருத்துவர்களுக்கு ஐயங்கள் எழுந்தன. அவற்றில் சுமார் 30 விழுக்காட்டுக்கே அப்போதே விடை கிடைத்தது, அதுவும் பெரும்பாலும் சக மருத்துவரிடமிருந்துதான். எனவே மூத்தவரை அழைப்பதை விட்டுவிடாதீர்கள்; யாரை உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதில் அவருடைய அனுபவத்திற்கு ஈடில்லை. மருந்தின் அளவையும் எல்லைகளையும் மட்டும், நினைவை நம்பாமல், எழுத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

பதில் 2: மருந்தாளுநர், திருமங்கலம்

டாக்டர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். செயலிக்குத் தெரியாத செய்தி அந்த அம்மாவிடமே இருக்கக்கூடும். மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் தாமாகவே டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிடுகிறாரா, அண்மையில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்ததா என்று கேளுங்கள். இவற்றாலேயே கிரியாட்டினின் ஏறியிருக்கலாம் என்பதால், வலி மாத்திரையை நிறுத்தி மறுபரிசோதனை செய்யாமல் அந்த 1.6ஐ நிலையான எண்ணாகக் கொள்ள முடியாது. அளவைக் குறைத்துத் தொடர்ந்தாலும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாட்களில் மெட்ஃபார்மினை நிறுத்திவைத்துவிட்டு உங்களிடம் வரும்படி அவருடைய வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

பதில் 3: நோயாளியின் மகள், மேலூர்

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். எங்கள் அம்மாவைப் பார்க்கும் டாக்டர் செல்பேசியில் தேடும்போது, "இந்த மாத்திரையின் அளவைச் சரிபார்க்கிறேன்" என்று எங்களிடம் சொல்லிவிட்டே பார்ப்பார். அதனால் அவர்மேல் எங்களுக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: அளவைக் குறைத்தால் அதன் காரணத்தையும் அன்றைய கிரியாட்டினின் எண்ணையும் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். பெரியாஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் கேட்கும்போது, எங்களால் அதைச் சரியாகச் சொல்ல முடிவதில்லை.