ஆன்செல் ஆடம்ஸ் மாதிரியே எடுப்பது: பயிற்சியா, நகலா?

மலைப்பாதை:
வணக்கம். மூன்று வருஷமாக, கறுப்பு-வெள்ளை மலைப்படங்களுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் பாணியில் மட்டும்தான் நிலக்காட்சி எடுத்துப் பழகுகிறேன். வேலை கலிஃபோர்னியாவில் என்பதால், அவர் எடுத்த யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு அடிக்கடி போக முடிகிறது. கறுத்த வானம், வெளிறிய கருங்கல் பாறை, காலடிப் புல்லில் இருந்து கடைசிச் சிகரம் வரை ஒரே கூர்மை. இதற்காகவே விடியற்காலை அங்கே டனல் வியூ என்ற காட்சிமுனையில் குளிரில் நின்றிருக்கிறேன். போன வாரம் ஒரு சின்னப் போட்டியில் நடுவர் என் பிரிண்டைப் பார்த்துவிட்டு, "இது ஆடம்ஸ் படம். உங்க படம் எங்கே?" என்று கேட்டார். அன்றிலிருந்து கேமராவைத் தொடவில்லை. ஒரு ஆசானைப் பார்த்துப் பழகுவது அவ்வளவு பெரிய தப்பா?

வெள்ளித்துகள்:
தப்பே இல்லை தம்பி. பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளை குரு பாடியதை அப்படியே திருப்பிப் பாடித்தான் சுரஸ்தானம் பிடிக்கிறது. ஆடம்ஸே முதலில் பியானோக் கலைஞராக வர இருந்தவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்று அவர் சொன்னது அந்தப் பயிற்சியிலிருந்து வந்ததுதான். 1975 முதல் அவருடைய யோசெமிட்டி நெகட்டிவ்கள் சிலவற்றை, அவர் விருப்பப்படியே, உதவியாளர் ஆலன் ராஸ் அச்சிட்டு வருகிறார். ஆசான் கையை அப்படியே பின்பற்றுவதை ஆசானே ஏற்றுக்கொண்டிருக்கிறார். மூணு வருஷம் ஒரு பெரிய சுமையே இல்லை. இன்னும் ரெண்டு வருஷம் எடுங்கள்.

நிழல்பக்கம்:
ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடுவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

அந்தக் கறுத்த வானம் எப்படி வந்தது என்று பாருங்கள். 1927 ஏப்ரல் 10. ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே ஆடம்ஸ் நிற்கிறார், கையில் இரண்டே கண்ணாடித் தகடுகள் மிச்சம். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான், மனசுக்குள் இருக்கிற பாறை இது இல்லை, வானம் வெளிறிப்போய்விடும் என்று உறைக்கிறது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டர். வானம் ஏறக்குறைய கறுப்பானது, பாறை மேலே சாய்கிற மாதிரி நின்றது. அன்று அந்த இடத்தில் அவருக்கு என்ன உணர்வு வந்ததோ அதற்கான பதில் அந்தக் கறுப்பு. நீங்கள் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டீர்கள். உங்களுக்கு என்ன கேள்வி இருந்தது?

மலைப்பாதை:
நான் பிரீசெட் (மென்பொருளில் தயாராக இருக்கும் அமைப்பு) எதுவும் தட்டுவதில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரா ஃபைலில் எடுத்து, நீலத்தைக் கையால் இறக்கி, இடம் இடமாக டாட்ஜ் (வெளுப்பாக்குவது), பர்ன் (கறுப்பாக்குவது) செய்கிறேன். ஒரு படத்துக்கு எட்டு மணி நேரம் ஆகும். வெளிச்சத்தையும், கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாயல்களை எண்ணிட்ட படிகளாக (ஜோன்) பிரிக்கும் ஆடம்ஸின் ஜோன் சிஸ்டப்படிதான் கணக்குப் போடுகிறேன்: நிழலுக்கு எக்ஸ்போஸ் பண்ணு, வெளிச்சத்துக்கு டெவலப் பண்ணு.

ஈரக்காற்று:
அங்கதான் சிக்கல் பாஸ். அந்த விதி நெகட்டிவ் ஃபிலிமுக்கு. ஃபிலிம்ல வெளிச்சப் பகுதி கொஞ்சம் ஓவர் ஆனாலும் டெவலப் நேரத்தைக் குறைச்சு மீட்டுடலாம். டிஜிட்டல் சென்சார்ல வெள்ளை போச்சுன்னா போச்சு, பின்னாடி எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. அங்க வெளிச்சத்தைக் காப்பாத்தி எடுத்து நிழலை மென்பொருள்ல தூக்கணும். 1940 வாக்கில் ஆடம்ஸும் இன்னொரு புகைப்படக்காரர் ஃபிரெட் ஆர்ச்சரும் சேர்ந்து உருவாக்கின இந்த ஜோன் முறையோட சாரம், கையில இருக்கற கருவி எதைத் தாங்கும்னு தெரிஞ்சுக்கறது. விதியை எழுத்துக்கு எழுத்து பிடிச்சா சாரம் போயிடும்.

இன்னொண்ணும் சொல்றேன். நானும் ஒரு காலத்துல சிவப்பு ஃபில்டரை மாட்டிக்கிட்டு கொடைக்கானல் போனேன். ஆடம்ஸ் வானம் வரவே இல்ல. சிவப்பு ஃபில்டர் நீலத்தைத்தான் கறுப்பாக்கும். ஈரம் நிறைஞ்ச நம்ம வானம் பாதி நாள் வெளுத்த பால் மாதிரி இருக்கு, கறுப்பாக்க அதுல நீலமே இல்ல. மூடுபனித் துளி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும், எந்த ஃபில்டரும் அதை ஊடுருவாது. யோசெமிட்டி இருக்கற சியர்ரா மலைத்தொடரோட உலர்ந்த காத்து அவர் படத்துல பாதி. கம்ப்யூட்டர்ல வலுக்கட்டாயமா நீலத்தை இறக்கினா மலை விளிம்புல வெள்ளைக் கோடும், வானம் முழுக்க நாய்ஸும் (புள்ளிப்புள்ளியான இரைச்சல்)தான் மிச்சம்.

வெள்ளித்துகள்:
ஈரக்காற்று சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதைக் கொடைக்கானலில் முயன்று தோற்றதால்தானே கண்டுபிடித்தீர்கள்? அதைத்தான் நான் பயிற்சி என்கிறேன்.

நிழல்பக்கத்துக்கு ஒரு கேள்வி. எந்த ஆடம்ஸை நகலெடுப்பதாகச் சொல்கிறீர்கள்? நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலா எழும் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1941 இலையுதிர் காலம், மாலை வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வர, அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரே ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவதுக்குத் தயாராவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. 1948இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் வலுவாக்கினார். பழைய பிரிண்ட்களில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும், பிந்தையவற்றில் வானம் கரிக்கட்டி. அவரே தன் படத்தைத் திரும்பத் திரும்ப வேறு மாதிரி வாசித்திருக்கிறார்.

நிழல்பக்கம்:
அது என் பக்கத்து வாதம் ஐயா! நாற்பது வயதில் எடுத்ததை எழுபதில் வேறாகக் கேட்டார், அதனால் வேறாக அச்சிட்டார். அவர் காது மாறியது. இங்கே தம்பி எட்டு மணி நேரம் உட்கார்ந்து தன் படத்தை இன்னொருவர் 1970களில் போட்ட பிரிண்ட் மாதிரி ஆக்குகிறார்.

ஆடம்ஸும் மற்றவரைப் பார்த்துக் கற்றவர்தான், மறுக்கவில்லை. 1930இல் பால் ஸ்ட்ராண்ட் என்ற புகைப்படக்காரரின் நெகட்டிவ்களைப் பார்த்துத்தான் இனி புகைப்படமே தன் தொழில் என்று முடிவெடுத்தார். ஆனால் ஊருக்குத் திரும்பி ஸ்ட்ராண்ட் படம் எடுக்கவில்லையே.

இடமும் அப்படித்தான். 1942இல் அமெரிக்காவின் வயோமிங்கில் ஸ்நேக் ஆற்றையும் டீட்டன் மலைகளையும் அவர் எடுத்த இடத்தில் இன்று போய் நின்றால் மரங்கள் வளர்ந்து ஆற்றின் வளைவை மறைத்துவிட்டன. அந்தப் படத்தை இன்று யாராலும் எடுக்க முடியாது. மரம் மறைத்த அந்த ஆற்றை எடுத்துக்கொண்டு வருபவரைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

ஈரக்காற்று:
அப்போ ஆடம்ஸ் எடுத்தது உள்ளது உள்ளபடின்னு நினைச்சுடாதீங்க. 1944ல கலிஃபோர்னியாவோட லோன் பைன் ஊர்ல எடுத்த குளிர்கால விடியல் படத்துல, பள்ளிப் பசங்க மலைச்சரிவுல வெள்ளைக் கல்லால 'எல்பி'ன்னு ஊர்ப் பேரோட முதலெழுத்தை வெச்சிருந்தாங்க. அதை அழிச்சுட்டுத்தான் அச்சுப் போட்டார். எனக்கு இது இன்னிக்கும் உறுத்துது. அந்த எழுத்து அங்க வாழ்ந்தவங்களோடது.

வெள்ளித்துகள்:
உறுத்தலாம். நானாக இருந்தால் அந்த எழுத்தை அழிக்காமல் விட்டிருப்பேன்.

மலைப்பாதை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மூணு வருஷத்தில் ஆடம்ஸ் மாதிரி வரவில்லை என்று ஒதுக்கிவைத்த ஃபைல் ஏதாவது உண்டா?

மலைப்பாதை:
நிறைய இருக்கு ஐயா. ஒன்று மட்டும் அடிக்கடி திறந்து பார்ப்பேன். பிப்ரவரியில் மழை விட்டதும் டனல் வியூவுக்குப் போனேன். பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடந்தது, ஹாஃப் டோம் தெரியவே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் காருக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு பைன் மரத்தின் நுனி மட்டும் மேகத்துக்கு மேலே வந்து வந்து மறைந்தது. கறுப்பும் கிடையாது, வெள்ளையும் கிடையாது, எல்லாம் நாலிலிருந்து ஆறாம் ஜோனுக்குள் அடங்கிய சாம்பல். கான்ட்ராஸ்ட் ஏற்றிப் பார்த்தேன், மரம் செத்துப்போனது. அதனால் மூடிவைத்துவிட்டேன்.

நிழல்பக்கம்:
கான்ட்ராஸ்டை ஏற்றாமல் அப்படியே போடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போட்டுப் பாருங்கள். அந்தச் சாம்பலுக்கு ஆழமான கறுப்பு தேவையில்லை.

மலைப்பாதை:
மேட் தாள் கொஞ்சம் இருக்கிறது. இன்று ராத்திரி ஒரு பிரிண்ட் போட்டுவிட்டு இங்கே காட்டுகிறேன்.