‘ஸ்ட்ரைக்’ என்றால் அடிப்பது மட்டும்தானா?

வினா:
வணக்கம். பழைய ஆங்கிலக் கப்பற்பயணக் குறிப்புகளைத் தமிழாக்கி வருகிறேன். அவற்றில் ‘ஸ்ட்ரைக்’ என்னும் வினை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கப்பல் பாறையை ‘ஸ்ட்ரைக்’ செய்தது என்றால் மோதியது என்று எழுதிவிடலாம். ஆனால், சண்டையின் முடிவில் கப்பல் தன் கொடியை ‘ஸ்ட்ரைக்’ செய்தது என்றும், கரையிறங்கிய மாலுமிகள் விடியற்காலையில் கூடாரங்களை ‘ஸ்ட்ரைக்’ செய்துவிட்டுப் புறப்பட்டார்கள் என்றும் வரும் இடங்களில் அடித்தல் என்ற பொருள் சிறிதும் ஒட்டவில்லை. விளக்கம் தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இச்சொல்லின் பழைய ஆங்கில வடிவத்துக்குத் தடவுதல், வழித்தல், நகர்தல் என்பவையே பொருள். அடித்தல் என்பது பின்னால் வந்து சேர்ந்தது. கடலோடிகளின் பேச்சில் அது பாயையோ கொடியையோ கீழே இறக்குவதைக் குறித்தது. போரில் கொடியை இறக்குவது சரணடைவதாகும். கூடாரத்தைப் பொறுத்தவரை நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஏனெனில் தமிழில் ‘கூடாரம் அடித்தார்கள்’ என்றால் அமைத்தார்கள் என்று பொருள், ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைக்’ செய்தால் பிரித்துச் சுருட்டிவிட்டார்கள் என்று பொருள். நாம் வேலைநிறுத்தத்துக்கு வழங்கும் ‘ஸ்ட்ரைக்’கும் கடலிலிருந்து வந்ததே: 1768-இல் ஊதியக் குறையால் கொதித்தெழுந்த லண்டன் மாலுமிகள், துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல்களின் பாய்களை இறக்கி, அவை நகர முடியாதபடி செய்தார்கள்.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்ன ‘வழித்தல்’ தானிய அளவையிலும் உண்டு. மரக்காலில் நெல்லைக் கொட்டி, விளிம்புக்கு மேல் நிற்பதை ஒரு கோலால் வழித்துத் தள்ளி அளப்பதை நாம் தலைதட்டி அளத்தல் என்கிறோம். ஆங்கிலேயர் அந்தக் கோலையே ‘ஸ்ட்ரைக்’ என்றார்கள். தீக்குச்சியை ‘ஸ்ட்ரைக்’ செய்வதை உரசுவது, கிழிப்பது என்று நாம் சொல்வதும் இதற்கு நெருக்கமானது. மாறாக, கடிகாரம் மணி அடிப்பது, நாணயம் அடிப்பது, பட்டியலிலிருந்து பெயரை அடிப்பது ஆகியவற்றில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன.

மறுமொழி 3:
நீதிமன்றச் செய்திகளில் இச்சொல்லோடு ‘டவுன்’ சேர்ந்தால் செல்லாதென அறிவித்தல் என்று பொருள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் செய்தது அதுதான். விளையாட்டில்தான் வேடிக்கை. கிரிக்கெட்டில் மட்டையாளரின் ‘ஸ்ட்ரைக் ரேட்’ 100 பந்துகளுக்கு அவர் எடுக்கும் ஓட்டங்கள், பந்துவீச்சாளருடையதோ ஒரு விக்கெட்டுக்கு அவர் வீசும் பந்துகள். ஆகவே ஒருவருக்குக் கூடுவதும் மற்றவருக்குக் குறைவதும் நல்லது. பேஸ்பாலிலோ மட்டையை வீசியும் பந்தை அடிக்கத் தவறினால் அதற்குப் பெயர் ‘ஸ்ட்ரைக்’!

வினவியவர்:
அனைவருக்கும் நன்றி. தீவுவாசிகளுடன் மாலுமிகள் ‘பார்கன் ஸ்ட்ரைக்’ செய்ததாக ஓரிடம் வருகிறது. ‘பேரம் முடித்தார்கள்’ என்றால் போதுமா?

மறுமொழி 1:
போதும். ஆயினும், கையோடு கை தட்டி உடன்பாட்டை உறுதிசெய்யும் வழக்கம் அத்தொடருக்குள் இருப்பதால், பழைய நடையிலான உங்கள் நூலுக்குக் ‘கையடித்துப் பேரம் முடித்தார்கள்’ என்பது இன்னும் பொருந்தும். கையடித்துக் கொடுத்தல் நம் பழைய வழக்கிலும் உள்ளதுதான்.