எரிமலைப் பாறைக்கு அடியில் சிவந்த மண்: சூட்டிலா, மழையிலா?

முட்டம்கரை:
போன மாதம் மகாராஷ்டிரம் போயிருந்தோம், போலாத்பூரிலிருந்து மகாபலேஸ்வருக்கு ஏறும் அம்பேனலி மலைப்பாதையில் சாலைக்காக வெட்டிய சுவரில் கறுப்புப் பாறை, அதற்கடியில் செங்கல்பொடியை அப்பியது போல ஒரு பட்டை, அப்புறம் மறுபடியும் கறுப்பு. மேலே ஓடிவந்த எரிமலைக் குழம்பு கீழே கிடந்த மண்ணைச் சுட்டுச் சிவக்க வைத்துவிட்டது என்றார் டிரைவர். சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரை மேட்டிலும் இதே சிவப்புதானே, இங்கே எரிமலை எங்கே இருந்தது? உண்மையில் எது சிவக்க வைக்கிறது?

சூளைவீட்டுப்பெண்:
எங்கள் வீட்டில் செங்கல் சூளை இருந்தது, அதை வைத்துச் சொல்கிறேன். குளத்து மண் சாம்பல் நிறம், பச்சைக்கல்லும் அப்படியே, வெந்து காற்றும் பட்டால்தான் சிவக்கும். காற்றுப் போகாத கல்லை உடைத்தால் நடுவில் கறுப்பாக இருக்கும். தீயை விட்டுத் தள்ளி அடுக்கிய கல் சரியாக வேகாது, மண் அவ்வளவு மெதுவாகத்தான் சூட்டை உள்ளே விடும். அதனால் நீங்கள் பார்த்த பட்டை ஆள் உயரத்துக்கு ஒரே சிவப்பாக இருந்தால், மேலிருந்து வந்த சூடு மட்டும் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை அண்ணா.

பாறைவாத்தியார்:
தங்கை சொன்னது சரியான இடத்தில் போய் நிற்கிறது. அந்தப் பட்டைக்குப் புவியியலில் ரெட் போல் என்று பெயர். தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பு ஒரே மூச்சில் வந்து முடிந்துவிடவில்லை, விட்டு விட்டு ஓடியது. இடைவெளியில் பழைய பாறையின் மேற்பரப்பு மழையிலும் வெயிலிலும் சிதைந்து, இரும்பு துருவேறி, மண்ணானது. சில இடங்களில் எரிமலைச் சாம்பலும் வந்து படிந்து களிமண்ணாகியிருக்கிறது. பிறகுதான் அடுத்த குழம்பு, 1,100 டிகிரிக்கு மேல் சூட்டோடு, அதன் தலைமேல் ஓடியது. மஞ்சள் காவியை 300 டிகிரி அளவுக்குச் சுட்டாலே நீர் போய் சிவப்புக் காவியாகிவிடும், ஆகவே மேல் விளிம்பு வெந்திருக்கும் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்த வேலை, எது எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

பிரித்தறிய நிறம் எந்தப் பக்கம் மங்குகிறது என்று பாருங்கள். மேலே பாறையை ஒட்டி அழுத்தமாக, கெட்டியாக இருந்து, சில அங்குலத்திலேயே வெளுத்தால் அது சூடு. கீழ்ப்பக்கம் எல்லைக்கோடே இல்லாமல் சிவப்பு மெல்ல மெல்ல உளுத்த பாறையாக மாறி, நடுநடுவே உருண்டைக் கல் கிடந்தால் அது மழையும் காலமும் செய்தது. வேர் ஓடிய தடம் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம், அது ஒரு காலத்தில் தரையாக இருந்த மண்.

வெந்த மண்ணை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்றால், ஆறும்போது அது அன்றைய பூமிக் காந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்ளும். 1906இல் பிரான்சின் இயற்பியலாளர் பெர்னார் புரூன், எரிமலைக் குழம்புக்கு அடியில் வெந்த களிமண்ணும் மேலே இருந்த பாறையும் இன்றைய திசைக்கு நேர் எதிராகக் காந்தமேறியிருப்பதைக் காட்டினார். பூமியின் காந்தமே ஒருகாலத்தில் தலைகீழாக இருந்திருக்கிறது என்பது அந்த மண்ணிலிருந்து தெரிந்தது!

முட்டம் கதை வேறு தம்பி. நம் மலைப் பாறையிலிருந்து வந்த கார்னெட், இல்மனைட் போன்ற மணல்களில் இரும்பு உண்டு. அவை சிதைந்து, அந்த இரும்பு களிமண்ணோடு சேர்ந்து ஒவ்வொரு மணல் பரலுக்கும் சிவப்புத் தோல் போர்த்தியிருக்கிறது. தீயே தேவைப்படவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து அலசிப் பாருங்கள், சிவப்பு கலங்கிப் போய் உள்ளே வெள்ளை மணல் எட்டிப் பார்க்கும்.

முட்டம்கரை:
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன் சார். மேல்கோடு கத்தியால் வெட்டியது போல இருக்கிறது, கீழே எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, உருண்டைக் கல் மூன்று தெரிகிறது. மேலே நாலு விரல் அகலம் மட்டும் நிறம் தனியாக, அடர்த்தியாக இருக்கிறது.

பாறைவாத்தியார்:
அப்படியானால் அந்த நாலு விரல்தான் சுட்டது. மீதி அத்தனையும் மழை.