மறு: ‘அளவுசார் பகுத்தறிதல்’ – வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

‘Quantitative reasoning’ என்பதற்கு, அதாவது எண்களையும் அளவுகளையும் கொண்டு சிந்தித்துச் சரிபார்க்கும் திறனுக்கு, ‘அளவுசார் பகுத்தறிதல்’ தவிர வேறு தமிழ்ச்சொல் உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இது. அந்தச் சொல் இலக்கணப்படி சரிதான். ஆனால் வடிவமைப்புப் பணியில் இருக்கும் எந்த மாணவரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். ‘கணிதத் திறன்’ வேண்டவே வேண்டாம், பொருளே மாறிவிடும்.

நான்கு மாணவர்கள் சேர்ந்து 2 கன மீட்டர் நீர்த்தொட்டிக்குத் தாங்கி வடிவமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சுமையை 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ இருநூறு கிலோவின் எடை, என்று உள்ளிடுகிறார். மென்பொருளும் மறுபேச்சின்றித் தகட்டின் தடிமனை நான்கு தசம இடங்கள் வரை துல்லியமாகத் தருகிறது. கணிதத்தில் குறையே இல்லை. “தண்ணீர் மட்டுமே இரண்டு டன் ஆயிற்றே, சுமை எப்படி இருநூறு கிலோவாகும்?” என்று கேட்கிறாரே அடுத்தவர், அவரிடம் இருப்பதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

1999இல் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்த நாசா விண்கலத்தின் கதையும் இதுதான். ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு விசையில் எண்களைத் தந்தது. மற்றக் குழு அவற்றை நியூட்டன் என்று கொண்டது. வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. இரு தரப்புக்கும் கணக்குத் தெரியும்.

ஆகவே தலைக்குள் இருக்கும் திறனை மட்டுமன்றி, குழுவில் ஒருவர் எண்ணை மற்றவர் சோதித்து ஏற்கும் செயலையும் சொல் காட்டவேண்டும். முதலில் ‘எண்ணளவை’ என்று நினைத்தேன். அளவை என்றால் தருக்கமும் ஆகும், அளவீடும் ஆகும். அழகான இரட்டைப் பொருள். ஆனால் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற பழைய வாய்பாட்டை அறிந்தவர்கள் எண்ணல் அளவை என்றே படிப்பார்கள். கைவிட்டேன்.

என் பரிந்துரை: அளந்து தெளிதல். குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் தெளிதல் என்பது ஆராய்ந்தபின் நம்புதல். நமக்கு வேண்டியதும் அதுவே. வினையாகவும் எளிதில் வளையும்: ‘இந்தச் சுமையை அளந்து தெளிந்தீர்களா?’ பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் ‘அளவுத் தெளிவு’ எனலாம்.

‘கதை அளப்பது’ நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்பீர்கள். வரட்டும், தெளியாமல் அளப்பதற்கு அந்தப் பெயர் பொருத்தம்தான்.

ஒரே ஒரு குறை: கருவி கொண்டு அளப்பதை மட்டுமே இது குறிப்பதாகச் சிலர் கொள்ளக்கூடும். தோராயக் கணிப்பும் இதில் அடங்கும் என்று விளக்கத்தில் சேர்த்துவிடலாம். அதற்கு ‘குத்துமதிப்பு’ என்ற உயிருள்ள சொல் நம்மிடம் இருக்கிறது. பாடநூலுக்கு அது ஏன் ஆகாது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.