மாதச் சாமானை அண்ணாச்சி கடைக்கே மாற்றலாம் என்று இருக்கிறேன், எதை அங்கே வாங்குவது?

மாடித்தோட்டம்:
வணக்கம். மதுரை கே.கே.நகரில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர். மூன்று வருடமாக மளிகை முழுக்க ஃபோனில்தான் ஆர்டர் போடுகிறேன், ராத்திரியில் கூட பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது, அதுவே பழகிவிட்டது. போன வாரம் கரண்ட் போன நேரத்தில் மெழுகுவர்த்தி வாங்கத் தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போனால் பாதி அலமாரி காலியாகக் கிடக்கிறது. உளுந்து கேட்டேன், இல்லை. "யாரும் கேக்குறதில்லம்மா, வாங்கிப் போட்டா வண்டு விழுந்துருது" என்றார். 2020 ஊரடங்கில் இதே மனிதர்தான் ஷட்டரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு தெரு முழுவதற்கும் சாமான் கொடுத்தார், கையில் பணம் இல்லாதவர்களுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார், அதில் நாங்களும் உண்டு. அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் வரை மளிகைக்குப் போகிறது. எல்லாவற்றையும் அங்கே மாற்றினால் கையைக் கடிக்குமோ என்று வீட்டுக்காரர் யோசிக்கிறார். எதை வாங்கினால் அவருக்கு நிஜமாகவே உதவியாக இருக்கும்?

கடைக்காரர் மகன்:
அக்கா, அப்பா முப்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர், நானும் கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்தவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். சோப்பு, பிஸ்கட், ஷாம்பு இதெல்லாம் விலை அட்டையிலேயே அச்சடித்து வருகிறது, எங்கள் கடையில் நூறு ரூபாய்க்கு விற்றால் எட்டு பத்து ரூபாய் நின்றாலே பெரிது, அதிலும் உங்களுக்காக ஒன்றிரண்டு ரூபாய் குறைத்தால் மிச்சம் எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் பெரும்பங்கு எங்கே வாங்கினாலும் கம்பெனிக்குத்தான் போகிறது. கடையைத் தாங்கி நிற்பது சில்லறைச் சாமான். அரிசி, பருப்பு, வத்தல், மல்லி, புளி, கடுகு, வெல்லம். அப்பா விடியற்காலையில் கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குப் போய் மூட்டை மூட்டையாகப் பார்த்து, கையில் அள்ளி முகர்ந்து எடுத்து வருவார், அந்தக் கைப்பழக்கத்துக்குத்தான் கூலி அதில் கிடைக்கும். அதனால் உளுந்திலிருந்து ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஒண்ணாம் தேதி நாலு கிலோ உளுந்து, மூணு கிலோ துவரை எடுத்துக்குவேன்" என்று ஒரு வீடு சொன்னால் தைரியமாக வாங்கிப் போடுவார், அப்படி ஏழெட்டு வீடு சேர்ந்தால் சரக்கு தேங்காது, வண்டும் விழாது. பணத்தை ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகவோ கொடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து அதற்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை, கிரெடிட் கார்டு தேய்த்தால் அவர் கையிலிருந்துதான் போகும். அப்புறம், நோட்டில் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். எங்கள் கடையை மூட வைத்தது சூப்பர் மார்க்கெட் இல்லை அக்கா, வராமலே போன பாக்கிதான். பாக்கி வைத்தவர்கள் அந்தக் கூச்சத்திலேயே கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார்கள், பணமும் போய் வாடிக்கையும் போகும்.

வரவுசெலவு:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே சம்பளம், மாதம் முந்நூறு ரூபாய் மிச்சமானாலும் அது பிள்ளையின் வேன் கட்டணத்துக்கு ஆகும், அதனால் எல்லாரும் சின்னக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு வரும் டெலிவரி தம்பியும் நம் ஊர்க்காரர்தான். ஆனால் இரண்டு மாதம் இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாக்கெட் எண்ணெயும் சலவைத்தூளும் ஆப்பில் குறைவு, பருப்பும் மசாலா சாமானும் கிட்டத்தட்ட ஒரே விலை, சிலது கடையில் குறைவாகவே இருந்தது. ஆப்பில் டெலிவரிக்கு ஒன்று, பேக்கிங்குக்கு ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகிறது, அந்தக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகவே தேவையில்லாத சாமானையும் கூடையில் போட்டிருக்கிறேன். அதனால் இப்போது பாதிக்குப் பாதி. பழைய சரக்கைக் கொடுத்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள், கடைக்காரரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னால் அடுத்த முறை அவரே நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கிறார்.

செக்கடித் தெரு:
எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மரச்செக்கு இருந்தால் நீங்களே கடலை வாங்கிக் கொடுத்து ஆட்டலாம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டேகால், இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால் செக்கு எண்ணெய் ஏன் அந்த விலை என்றும் புரியும், அவ்வளவு பருப்பின் விலைக்கு ரொம்பக் கீழே செக்கு எண்ணெய் என்று விற்றால் சந்தேகப்படவும் தோன்றும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, எதுவும் வீணாகாது.

காய்க்கு உழவர் சந்தை. முதல் சந்தையே 1999-ல் நம் அண்ணாநகரில் திறந்ததுதான், கே.கே.நகரிலிருந்து நடந்தே போகலாம். விவசாயிக்கு அங்கே கடை வாடகையும் இல்லை, கமிஷனும் இல்லை, அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். காலை ஏழு மணிக்குள் போனால் கீரை ஈரத்தோடு கிடைக்கும். பிள்ளைகள் கலர் கேட்டால் பொவண்டோ வாங்கிக் கொடுங்கள், 1916-ல் விருதுநகரில் ஆரம்பித்த காளி மார்க் கம்பெனியினுடையது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது எங்கள் தெருக் கடையில் பிரிட்ஜ் முழுக்க பொவண்டோதான். அறிவிப்பின் சூடு கொஞ்ச நாளில் ஆறிவிட்டது, ஆனால் எங்கள் வீட்டில் பொவண்டோ பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

மாடித்தோட்டம்:
எல்லாருக்கும் நன்றி. பாக்கி பற்றி எழுதியதைப் படித்ததும் சுருக்கென்றது. இன்று சாயங்காலம் போய்க் கேட்டேன், 2020-ல் எழுதிய நோட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது, எங்கள் பெயரில் 640 ரூபாய். நாங்கள் கொடுத்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம், அவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கொடுத்துவிட்டு, ஒண்ணாம் தேதிக்கு நாலு கிலோ உளுந்து, இரண்டு கிலோ துவரை, அரைக்கிலோ புளி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழ்வீட்டு அக்காவும் தன் பட்டியலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சோப்பும் சலவைத்தூளும் இப்போதைக்கு ஆப்பில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தைக்குப் போகிறோம், அங்கே முருங்கைக்கீரை எந்தப் பக்கம் நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.