மறுமொழி: பழைய எம்ஜிபி காருக்குத் தரைவிரிப்பு மாற்றும் வழிகாட்டி: ‘பைல்’ என்பதற்கு ‘நிமிரிழை’

அன்பு நண்பர்களே, வணக்கம்.

இரண்டு நாளாக வந்த மடல்களைச் சேர்த்து வைத்துப் படித்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கான வழிகாட்டியின் முதல் வரைவை நான்தான் எழுதுகிறேன். விரிப்பின் முகத்தில் எழுந்து நிற்கும் நூலை ஆங்கிலத்தில் ‘பைல்’ (pile) என்பார்கள். அதற்கு நான் முன்வைத்த ‘நிமிரிழை’ என்ற சொல் முடிவாகாமல் என்னால் ஒரு பத்தி கூட நகர முடியவில்லை.

> பைல் என்றே எழுதலாமே. தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் பழக்கம்.

ஐயா, கடன்சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. போல்ட், வினைல், நைலான், சில் (கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுச் சட்டம்) எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘பைல்’ என்று தமிழில் எழுதினால் முதலில் அலுவலகக் கோப்புதான் நினைவுக்கு வரும். கட்டட வேலை செய்கிறவருக்கு அஸ்திவாரத்தில் இறக்கும் தூண் நினைவுக்கு வரும். வழிகாட்டியில் ‘பைலை வெட்டாமல் பின்பக்கமிருந்து கத்தியை ஓட்டவும்’ என்று ஒரு வரி வருகிறது. முதல்முறை இந்த வேலையில் இறங்கும் ஒருவர் இதைப் படித்து என்ன புரிந்துகொள்வார்? வாசகரைத் திசை மாற்றிவிடுகிற கடன்சொல்லை மட்டும்தான் எதிர்க்கிறேன்.

நமக்கு ஏன் இந்தச் சொல் கைவசம் இல்லை என்றும் யோசித்தேன். நம் கைத்தறி பெரும்பாலும் தட்டை நெசவு. பாவு நீளவாக்கில், ஊடை குறுக்குவாக்கில், அவ்வளவுதான். பவானி ஜமுக்காளமும் தட்டைதான். விரித்தால் தரையோடு தரையாகக் கிடக்கும். துணியின் முகத்திலிருந்து மேலே எழுந்து நிற்கிற மூன்றாவது நூலுக்குப் பெயர் வைக்கிற தேவை நமக்கு அதிகம் வந்திருக்காது. கார் விரிப்பிலோ அந்த மூன்றாவது நூல்தான் எல்லாம். காலில் படுவது அதுதான், நிறம் காட்டுவதும் தேய்வதும் அதுதான்.

> ‘தூவி’ என்ற அழகான பழஞ்சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

அக்கா, எனக்கும் முதலில் மனம் அங்கேதான் போனது. அன்னத்தின் தூவி பரப்பிய படுக்கை சங்கப் பாட்டில் வருகிறது. மென்மை, நிமிர்ச்சி, அடர்த்தி மூன்றும் அதில் உண்டு. தனிச்சொல்லாக வைத்துப் பார்த்தால் இதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் வேலை வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ‘பசை தூவி ஒட்டவும்’. இந்த வேலையில் பசையைத் தெளிப்பானால் தூவுகிறவர்கள் நிறையப் பேர். தூவி என்பது பெயரா வினையா என்று வாசகர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டிவரும். பசையும் இழையும் ஒரே வரியில் வந்துகொண்டே இருக்கிற நூலுக்கு இது ஒத்துவராது. துருக்கிக் கம்பளங்களைப் பற்றி யாராவது கட்டுரை எழுதினால் தூவியை அங்கே தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

‘முடி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எளிமையானதுதான். ஆனால் ‘முடிச்சு’, ‘முடிவு’, ‘முடிக்கவும்’ எல்லாம் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வரும். கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளம் வேறு, இயந்திரத்தில் செய்தது வேறு என்று விளக்க வேண்டிய இடத்தில் ‘முடி’ குழப்பத்தை ஏற்படுத்தும்.

அதனால்தான் ‘நிமிரிழை’. நிமிர்ந்த இழை, நிமிர்கின்ற இழை, நிமிரும் இழை. வினைத்தொகையாக மூன்று காலத்துக்கும் நிற்கிறது. கேட்டவுடன் பொருள் தெரிகிறது. வேறு துறையில் யாரும் எடுத்துப் பயன்படுத்தியதாக நான் பார்க்கவில்லை. அடைகளும் நன்றாக ஒட்டுகின்றன: கண்ணி நிமிரிழை, வெட்டு நிமிரிழை, நெய்த நிமிரிழை, குத்திய நிமிரிழை.

இந்த நான்கும் வெறும் வகைப்பாட்டுக்காகச் சொல்லவில்லை. கையில் இருப்பது எது என்று தெரியாமல் கத்தரியை எடுக்கக் கூடாது. கண்ணி நிமிரிழையில் நூல் மேலே வந்து வளைந்து திரும்ப உள்ளே போகிறது, டர்க்கி டவலில் இருப்பதைப்போல. வெட்டு நிமிரிழையில் அந்தக் கண்ணியின் தலையை வெட்டிவிடுகிறார்கள். அதனால் வெல்வெட் மாதிரி முகம் கிடைக்கிறது. வில்ட்டன் என்ற நெய்த வகையில் நிமிரிழை நெசவின்போதே பாவோடு பாவாக உள்ளே நெய்யப்படுகிறது. இன்று மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான விரிப்புகள் குத்திய வகை: அடித்துணியில் ஊசி வரிசைகள் நூலைக் குத்தி இறக்க, பின்னால் லேடெக்ஸ் பூசி அதைப் பிடித்துவைக்கிறார்கள்.

குத்திய கண்ணி விரிப்பில் ஒரு வரிசை முழுக்கப் பெரும்பாலும் ஒரே நூல். இருக்கை போல்ட்டுக்கு ஓட்டை போட விரிப்பின் மேலேயே துளைப்பானை வைத்து அழுத்தினால், முனை ஒரு கண்ணியைப் பிடித்துச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் வரிசை மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். நடு விரிப்பில் ஒரு கோடு வழுக்கையாகிவிடும். நைலான் என்றால் சூடான சால்டரிங் இரும்பின் முனையால் ஓட்டை போடலாம். நூல் உருகி ஓரம் தானே கட்டிக்கொள்ளும். கம்பளி உருகாது, கருகும். அதற்குக் குத்தூசியும் தோல் துளைக்கும் ‘பஞ்ச்’ கருவியும்தான். இவ்வளவையும் எச்சரிக்கையாக எழுதும்போது ‘கண்ணி நிமிரிழை’ என்ற ஒரே தொடர் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

அசல்தன்மை பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பாகுபாடு முக்கியம். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் 1970களின் நடுவில் கண்ணியிலிருந்து வெட்டுக்கு மாறினார்கள். 1969 வண்டிக்கு வெட்டு நிமிரிழை போட்டால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் தெரிந்தவர்கள் கண்ணுக்கு உறுத்தும்.

> நிமிர்வது என்று சொல்லிவிட்டு அது சாய்கிறது என்று எப்படிச் சொல்வது? முரண் இல்லையா?

நல்ல கேள்வி. வந்த மறுப்புகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நட்டு நிற்கிற நெற்பயிர்தான் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. தரையில் படர்கிற கொடியை யாரும் சாய்ந்தது என்று சொல்வதில்லை. நிமிர்ந்து நிற்பது அதன் இயல்பு, சாய்வு அதன் போக்கு. அதனால் திசைக்கு ‘இழைச்சாய்வு’ என்று எழுதலாம். உள்ளங்கையால் தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகப் போகும், எதிர்ப்பக்கம் சொரசொரப்பாகத் தடுக்கும். வழவழப்பாகப் போகிற திசைதான் இழைச்சாய்வு.

இது ஏன் தனிச்சொல் பெறத் தகுந்தது என்றால், சுருளிலிருந்து தானே வெட்டித் தைக்கிறவர்கள் கோட்டைவிடுகிற இடம் இதுதான். எம்ஜிபியின் இடது சில்லும் வலது சில்லும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். துணி மிச்சம் பிடிக்க, அச்சுக் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்திலேயே வைத்து வெட்டிவிடத் தோன்றும். வெட்டும்போது ஒன்றும் தெரியாது. வண்டியில் ஒட்டி, கதவைத் திறந்து வெயிலில் பார்த்தால்தான் ஒரு பக்கம் அடர்நிறமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். நிறம் ஒன்றுதான், சாய்வுதான் எதிர்த்திசை. ஒட்டிய பிறகு இதற்கு மருந்து கிடையாது. ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு வெட்டத் தொடங்குங்கள் என்று வழிகாட்டியில் தடித்த எழுத்தில் போட உத்தேசம். பின்புறத்தில் வரைகிறோம் என்பதால் அச்சைக் குப்புறப் போட்டுத்தான் வரைய வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன்.

> தரையில் விரிப்பதற்கு இத்தனை நுணுக்கம் தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன் அண்ணா. எம்ஜிபியை இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள், 5 லட்சத்துக்கும் மேல். கடைசி வண்டிக்கே நாற்பது வயது தாண்டிவிட்டது. பெரும்பாலும் திறந்த கூரை வண்டி, எப்படி மூடினாலும் மழைத் தண்ணீர் உள்ளே வரும். அடியில் போட்ட சணல் ஃபெல்ட் (நாரை அமுக்கிச் செய்த தடித்த துணி) அதைக் குடித்துவைத்துக்கொள்ளும். விரிப்புக்கு அடியிலேயே தளத் தகடும் சில்லும் அரிக்கும். பழைய விரிப்பைத் தூக்கும் நாள்தான் வண்டியின் உண்மை நிலை தெரிகிற நாள். துருவைச் சுரண்டி, தகட்டைச் சரிசெய்து, வண்ணம் பூசி, வடிகால் ஓட்டைகளின் ரப்பர் அடைப்பைப் பார்த்த பிறகே புது விரிப்பைத் தொட வேண்டும். தரைத் துண்டுகளை ஒட்டவே கூடாது. டிச் பட்டனில் மாட்டினால் போதும், நனைந்தால் கழற்றி உலர்த்தலாம். பசை எல்லாம் சில், டனல் (இருக்கைகளுக்கு நடுவே ஓடும் தகட்டு மேடு) போன்ற இடங்களுக்கு மட்டும்.

பசையைப் பற்றி இன்னொரு சொல்லும் கேட்டிருந்தீர்கள். இரண்டு பரப்பிலும் பூசி, காத்திருந்து, விரலால் தொட்டால் பிசுக்கு வராத நிலையில் சேர்த்து அழுத்துகிற பசைக்குத் ‘தொடுபசை’ போதும். சேர்க்கத் தகுந்த அந்த நிலைக்குப் ‘பிடிபதம்’ என்று போட்டிருக்கிறேன். பதம் என்பது நம் வீட்டுச் சொல், பாகு வைத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. பிடிபதம் கடந்தாலும் பிடிக்காது. சரியான பதத்தில் பட்டுவிட்டால் நகர்த்த முடியாது. ‘உலர்நிலை’ என்று ஒருவர் சொன்னது பொருத்தமில்லை. பசை முழுதாக உலர்ந்துவிட்டால் வேலை கெட்டது.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. விரிப்புக்கு அடியில் போவது ‘அடிப்பாய்’. ஓட்டுநரின் குதிகால் ஊன்றும் இடத்தில் தைத்திருக்கும் வினைல் ‘குதிப்பட்டை’. விளிம்பில் தைப்பது ‘ஓரப்பட்டை’. கால் வைக்கும் பள்ளம் ‘கால்குழி’.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, வரைவிலிருந்து ஒரு பத்தி:

‘முதலில் எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் வண்டிக்குள் வைத்துப் பாருங்கள். பெட்டியில் மடிந்து வந்த மடிப்புகள் போக, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். டனலையும் சில்லையும் முடித்துவிட்டுக் கடைசியில் தரைக்கு வாருங்கள். டனலின் வளைவில் விரிப்பு சுருங்கினால் பின்பக்கத்தில் மட்டும் மிதமாகச் சூடு காட்டி இழுங்கள். நிமிரிழை பக்கம் நேரடியாகச் சூடு பட்டால் நைலான் பளபளத்து ஒட்டிக்கொள்ளும். பிடிபதம் வந்ததும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். சீட் பெல்ட்டின் 7/16 அங்குல போல்ட் ஓட்டைகளைத் துணி மூடிவிடும் முன்பே கீழிருந்து குத்தூசியால் குறித்துவிடுங்கள். இருக்கைத் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் மரச்சட்டங்கள் மக்கியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். விரிப்பு அவற்றைச் சுற்றி வெட்டப்பட வேண்டும், அவற்றின் மேல் ஏறக் கூடாது. எல்லாம் முடிந்ததும் கால்குழியில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்து விடுங்கள். அடிப்பாயும் குதிப்பட்டையும் சேர்ந்த தடிமன் பெடலைத் தடுத்தால், வண்டியை எடுக்காதீர்கள். அடிப்பாயை அங்கே மெலிதாக்குங்கள்.’

படிக்கும்போது எங்காவது தடுக்கினால் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுங்கள். தனிச்சொல்லாக நன்றாக இல்லை என்பதைவிட, இந்த வாக்கியத்தில் இடறுகிறது என்று சொன்னால் எனக்கு அதிகம் உதவும்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஜாகுவார் இ-டைப் காரின் பின்பக்கச் சாமான் தளத்தில் ஹார்டுரா என்று ஒரு பொருள் வரும். ஒரு முகம் வினைல், மறுமுகம் ஃபெல்ட். நிமிரிழை இல்லை, எனவே அதை விரிப்பு வகைகளில் சேர்க்க முடியாது. வணிகப் பெயரையே வைத்துக்கொள்வதா, பொதுப்பெயர் ஒன்று வேண்டுமா? தோல்பொருள், பை தைக்கும் தொழிலில் இருக்கிற உறுப்பினர்கள் இரட்டை முகப் பொருளுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று எழுதினால், அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கிவிடுவேன்.

அன்புடன்,
வரைவு எழுதுபவர்